லுமுட் சாலையும் பங்கோர் ஃபெரியும் ஒரே பயணம்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாசி மகம் நெருங்கும்போதெல்லாம் பேராக் மாநிலத்தின் பங்கோர் தீவில் உள்ள அம்மன் ஆலயத்துக்குச் செல்லும் பக்தர்களின் கூட்டத்தைப் பற்றியும், லுமுட் படகுத்துறையில் ஏற்படும் நெரிசலைப் பற்றியும் நம் நாளேடுகளில் செய்திகள் வருகின்றன. அந்தக் கூட்டம் எந்த வழியாக வந்து படகுத்துறையில் சேர்கிறது, வந்தவர்கள் இரவில் எப்படி வீடு திரும்புகிறார்கள் என்பது மட்டும் பேசப்படுவதில்லை. ஈப்போவிலிருந்து லுமுட் வரை ஏறக்குறைய 85 கிலோமீட்டர் நீளும் சாலையின் ஓரத்தில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் ஒரு கோரிக்கையைத் தங்கள் வழியாக முன்வைக்க விரும்புகிறேன். இந்தச் சாலையில் ஓடும் பேருந்தும், சாலை முடியும் இடத்தில் கிளம்பும் ஃபெரியும் ஒரே பயணத்தின் இரு பகுதிகள் என்று கருதி அவற்றின் நேரங்களை வகுக்க வேண்டும் என்பதே அந்தக் கோரிக்கை.

சாலையைத் தெரியாதவர்களுக்காக அதன் போக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜொகூரின் ஸ்கூடாயில் தொடங்கி மேற்குக் கரையோரமாக வரும் கூட்டரசு சாலை 5, தன் வடகோடியில் ஈப்போவைத் தொடுகிறது. ஈப்போவிலிருந்து நாம் புறப்பட்டால் மெங்லெம்பு, லஹாட், பூசிங், சிப்புத்தே, துரோனோ என்று பழைய ஈய நகரங்களின் வரிசை வருகிறது. துரோனோவைத் தாண்டியதும், 1997இல் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அமைந்த பின் வளர்ந்துவிட்ட ஸ்ரீ இஸ்கந்தார். பிறகு போத்தாவில் பேராக் ஆற்றின் மேல் பாலம். ஆற்றைக் கடந்ததும் நிலத்தின் முகமே மாறிவிடுகிறது. ஈயக் குட்டைகள் மறைந்து, இருபுறமும் ஒரு காலத்தில் ரப்பர் பால்மரக் காடாகவும் இன்று செம்பனையாகவும் இருக்கும் தோட்டங்கள் தொடங்குகின்றன. அவற்றின் நடுவில் இருப்பதுதான் எங்கள் ஆயர் தாவார். இங்கிருந்து சித்தியவானுக்குப் போனால், 5ஆம் எண் சாலை அங்கே தெற்கே திரும்பி, சுல்தான் யூசோப் பாலத்தில் மீண்டும் பேராக் ஆற்றைக் கடந்து தெலுக் இந்தானை நோக்கிப் போய்விடுகிறது. லுமுட்டுக்குப் போகிறவர்கள் மேற்கே பிரிந்து கடலை அடைகிறார்கள். ஆயர் தாவாரிலிருந்து படகுத்துறைக்குச் சுமார் 20 கிலோமீட்டர்தான்.

இந்தக் கடைசிப் பகுதியின் வரலாறு பேராக் மாநிலத்தின் மற்றச் சாலைகளுக்கு இல்லாத தனித்தன்மை உடையது. 1874ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள், பங்கோர் தீவுக்கு அருகே நின்ற புளூட்டோ என்னும் கப்பலில் கையெழுத்தான பங்கோர் உடன்படிக்கையைப் பற்றி நாம் எல்லோரும் பள்ளியில் படித்திருக்கிறோம். பேராக்கிற்கு சுல்தானின் ஆலோசகராக ஆங்கிலேய ரெசிடெண்டைக் கொண்டுவந்த அதே உடன்படிக்கைதான், பங்கோர் தீவையும் லுமுட் உள்ளிட்ட கரைப் பகுதியையும் டிண்டிங்ஸ் என்ற பெயரில் ஆங்கிலேயரின் நீரிணைக் குடியேற்றங்களோடு சேர்த்தது. கடற்கொள்ளையை அடக்க இந்தப் பகுதி தேவை என்பது அன்று சொல்லப்பட்ட காரணம். 1935இல்தான் டிண்டிங்ஸ் மறுபடியும் பேராக்கிற்குத் திரும்பியது. ஆகவே அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக, உள்நாட்டிலிருந்து படகுத்துறைக்குப் போகும் வழி பேராக் மாநிலத்தில் தொடங்கி, பினாங்கையும் சிங்கப்பூரையும் ஆண்ட வேறொரு நிர்வாகத்தின் மண்ணில் போய் முடிந்தது.

அதே காலத்தில் பேராக்கின் மற்றத் துறைமுகங்களுக்கு ரயில் போய்விட்டது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 1885இல் ரயில் ஓடியது. 1890களில் ஈப்போ வட்டாரத்துக்கும் தெலுக் அன்சன் என்று அழைக்கப்பட்ட இன்றைய தெலுக் இந்தானுக்கும் தண்டவாளம் போடப்பட்டது. லுமுட்டுக்கு ரயில் வரவே இல்லை. இரு நிர்வாகங்களுக்கிடையே அகப்பட்டிருந்ததும் அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். காரணம் எதுவாயினும் விளைவு ஒன்றுதான். தீவுக்குப் போகும் மனிதர்களும், அரிசியும் காய்கறியும் மருந்தும், தீவிலிருந்து வரும் மீனும் கருவாடும் அன்றிலிருந்து இன்றுவரை பெரும்பாலும் சாலையையே நம்பியிருக்கின்றன. இதில் பேருந்து நின்றால் மாற்றுக்கு ரயில் கிடையாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இந்தச் சாலையின் போக்குவரத்தைத் திட்டமிட வேண்டும்.

இச்சாலையை யார் போட்டார்கள் என்பதையும் இங்கே குறிப்பிடாமல் இருக்க என்னால் முடியவில்லை. மலாயாவின் பொதுப்பணித் துறையில் அன்று கூலி வேலை செய்தவர்களில் பெரும்பகுதியினர் தென்னிந்தியத் தொழிலாளர்கள். தோட்டத்துக்கு ஆள் சேர்த்த அதே கப்பல்களில் வந்து, பால் வெட்டப் போகாமல் ரோட்டு வேலைக்குப் போனவர்கள் அவர்கள். என் தந்தையாரும் பிற்காலத்தில் அந்த வேலையைச் செய்தவர்தான். பொதுப்பணித் துறை லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்தான் நாங்கள் வளர்ந்தோம். கருங்கல்லை அளவாக உடைத்துப் பரப்பி, ரோலரை ஓட்டி அழுத்தி, இரும்புப் பீப்பாயில் விறகு எரித்துத் தாரைக் காய்ச்சி, துளையிட்ட வாளியில் மொண்டு பின்னோக்கி நடந்தபடியே ஊற்றுவார்கள். இன்னொருவர் அதன்மேல் மணலைத் தூவிக்கொண்டே வருவார். தாரின் சூடு தாங்காமல் முழங்கால் வரை சாக்குத் துணியைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். மாலையில் வீடு வந்தபின் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் அப்பா கால்களைத் துடைப்பதும், அம்மா அந்தத் துணியைச் சமையல் கட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று சத்தம் போடுவதும் எங்கள் வீட்டில் வழக்கம். ஆயர் தாவாருக்கும் சித்தியவானுக்கும் இடையே தாழ்வான இடங்களில் மழைக்காலம் முடிந்ததும் சாலை இறங்கிவிடும் என்றும், கொட்டிய கல்லையெல்லாம் மண் விழுங்கிவிடும் என்றும் அவர் சொல்வார். இன்று அதே இடத்தின் மேல் மணிக்கு தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் கார்கள் போகின்றன. சாலை போட்ட அந்தத் தொழிலாளர்களைப் பற்றி ஒரு வரிகூடச் சாலையோரத்தில் எங்கும் எழுதப்படவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

சாலையும் ஃபெரியும் சேர்ந்து இந்த வட்டாரத் தமிழர்களுக்கு என்ன செய்தன என்பது, இங்கு வாழ்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லாத விஷயம். சொகமானா தோட்டம், ஆயர் தாவார் தோட்டம், சுங்கை வாங்கி தோட்டம் ஆகிய இடங்களில் பால் வெட்டிய குடும்பங்களுக்குத் தீவில் உறவு இருந்தது. தீவில் மீன்பிடித் தொழிலைச் சார்ந்து வாழ்ந்தவர்களுக்குத் தோட்டத்தில் உறவு இருந்தது. பெண் கொடுத்தும் எடுத்தும் வளர்ந்த உறவு அது. சம்பள நாளுக்குப் பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமையில் பங்கோருக்குப் போய்வந்தவர்கள், நெத்திலியையும் கருவாட்டையும் செய்தித்தாளில் சுற்றிப் பையில் போட்டு வருவார்கள். மாலைப் பேருந்தில் ஏறினாலே யார் தீவுக்குப் போய்வந்தார்கள் என்று மூக்கு சொல்லிவிடும்.

லுமுட்டிலிருந்து புறப்படும் ஃபெரி கடற்படைத் தளத்தைத் தாண்டித் தீவின் கிழக்குக் கரையை அடைந்து, முதலில் சுங்கை பினாங் கெச்சிலில் நிற்கிறது. அங்குதான் கடலைப் பார்த்தபடி ஸ்ரீ பத்திரகாளியம்மன் ஆலயம் இருக்கிறது. மாசி மகத்தின்போது காவடியும் பால்குடமும் எடுத்து நேர்த்திக்கடன் செலுத்த நாட்டின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் வருகிறார்கள் என்றாலும், இந்தச் சாலையோரத் தோட்ட மக்களுக்கு அது ஊர்த் திருவிழாவாகவே இருந்து வந்திருக்கிறது. என் சிறு வயதில் தோட்ட நிர்வாகம் லாரி கொடுக்கும். லாரியில் சாக்கை விரித்து உட்கார்ந்து, பாட்டு பாடிக்கொண்டே லுமுட் வரை போவோம். குழந்தையைக் கரும்புத் தொட்டிலில் போடுகிறவர்களும், மொட்டையடித்துக்கொள்ள வந்தவர்களும், சோற்றுப் பானையோடு வந்த பாட்டிகளுமாக ஃபெரி நிறைந்திருக்கும். பாடலும் பறை ஓசையும் இயந்திரச் சத்தத்தோடு கலந்து கேட்கும்.

தீவில் இன்றும் ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது. பிள்ளைகள் குறைவாக இருக்கும் சிறிய பள்ளி. தீவில் ஒரு தமிழ்ப்பள்ளி தாக்குப்பிடிக்க வேண்டுமானால், தீவில் தமிழ்க் குடும்பங்கள் தங்க வேண்டும். குடும்பங்கள் தங்க வேண்டுமானால், எங்கள் மாவட்டமான மஞ்சோங்கிலோ ஈப்போவிலோ உள்ள மருத்துவமனைக்கும் அலுவலகத்துக்கும் போய் அன்றே திரும்ப வழி இருக்க வேண்டும். பேருந்து நேரம் என்பது எவ்வளவு தூரம் போய்த் தொடுகிறது என்பதை அதிகாரிகள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

சாலை இப்போது நன்றாகத்தான் இருக்கிறது; அதை மறைக்க வேண்டியதில்லை. இருபுறமும் இரண்டு தடங்களாக அகலப்படுத்தப்பட்டு, சில இடங்களில் பழைய கடைத்தெருக்களை ஒதுக்கிவிட்டு நேராகப் போகிறது. 2019இல் மேற்குக் கரை நெடுஞ்சாலையின் ஒரு பகுதி கம்போங் லெக்கிருக்கும் சங்காட் செர்மினுக்கும் இடையே திறக்கப்பட்டு, எங்கள் ஊருக்கு அருகிலேயே வந்துவிட்டது. 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து பங்கோர் வரி விலக்குத் தீவாகவும் ஆகிவிட்டது. லுமுட்டைத் தவிர மெரினா தீவுத் துறையிலிருந்தும் சில நிமிடங்களில் படகு கடந்துவிடுகிறது. இவை யாவும் சொந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கு நன்மை. கோலாலம்பூரிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர் காரை நிறுத்தத்தில் விட்டுவிட்டு ஃபெரியில் ஏறிவிடலாம். ஆனால் தோட்டம் கைமாறி, லயங்கள் இடிக்கப்பட்டு, சாலையோர வீடமைப்புத் திட்டங்களிலும் கிராமங்களிலும் சிதறிக் குடியேறிய நம் முதியவர்களுக்குக் கார் இல்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டும் வயதும் அவர்களுக்குக் கடந்துவிட்டது. கிராப் வண்டியைக் கூப்பிடக் கைப்பேசியும் இல்லை. கைப்பேசி இருந்தாலும் அந்தக் கட்டணத்தைக் கொடுத்தால் அந்த வாரக் காய்கறிச் செலவு போய்விடும். அவர்களுக்கு இருப்பது பேருந்து ஒன்றுதான்.

அந்தப் பேருந்தை இப்போது நம்ப முடிவதில்லை. லுமுட்டில் பேருந்து நிலையத்திலிருந்து படகுத்துறைக்கு நடந்தே போய்விடலாம். அதை அப்படி அமைத்தவர்களைப் பாராட்ட வேண்டும். தூரத்தால் வரும் சிரமம் எதுவும் இல்லை; நேரம்தான் பொருந்தவில்லை. எங்கள் தோட்டத்திலிருந்து வந்து என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் ஒரு மூதாட்டி, தீவில் இறந்துபோன தங்கையின் கருமாதிக்குப் போனார். காரியம் முடிந்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உறவினர்கள் வற்புறுத்தியதால் மாலை ஃபெரியில் திரும்பினார். படகு கரையைத் தொட்டபோது எங்கள் ஊர்ப்பக்கம் வரும் கடைசிப் பேருந்து போயிருந்தது. யாரிடமும் போய்க் கேட்கக் கூச்சப்பட்டு, படகுத்துறை இருக்கையிலேயே மருமகள் கொடுத்தனுப்பிய சோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை அவர் பேருந்திலிருந்து இறங்கி வந்தபோது கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. இதைக் கேட்டுச் சகிக்க முடியாமல் அந்தப் பேருந்து நிறுவனத்தின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். இரவில் பயணிகள் இல்லை என்றார்கள். சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்துக்குக் கடிதமும் எழுதினேன். கடிதம் கிடைத்தது என்ற பதிலோடு அது நின்றுவிட்டது.

பயணிகள் இல்லை என்ற பதிலை நான் ஏற்கவில்லை. கடைசி ஃபெரி வருவதற்கு முன்பே பேருந்து போய்விடுமானால், அந்த ஃபெரியில் வருகிறவர் எப்படி அந்தப் பேருந்தின் பயணியாக முடியும்? நேரம் பொருந்தாததால் மக்கள் பேருந்தைக் கைவிடுகிறார்கள். மக்கள் கைவிட்டதைக் காட்டி அடுத்த நடையையும் நிறுத்துகிறார்கள். இது இப்படியே போனால் இந்தச் சாலையில் பகல் பேருந்தும் ஒருநாள் இல்லாமல் போகும். தோட்டச் சந்திகளில் கூரையோடு கட்டிய பழைய பேருந்து நிறுத்தங்கள் புல் மண்டிக் கிடப்பதைப் பார்க்கும் எவருக்கும் இது புரியும்.

வேறு இடங்களில் இது எப்படிச் செய்யப்படுகிறது என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. பட்டர்வொர்த்தில் ரயில், பேருந்து, ஃபெரி மூன்றும் சந்திக்கும் இடமாகப் பினாங்கு சென்ட்ரல் 2018இல் திறக்கப்பட்டது. அங்கே ஒன்றிலிருந்து இறங்கியவர் மற்றொன்றில் ஏறுவார் என்ற எண்ணத்திலேயே கட்டடமும் நடைபாதையும் அமைக்கப்பட்டிருக்கின்றன. பினாங்கில் 1985இல் முதற்பாலமும் 2014இல் இரண்டாம் பாலமும் வந்த பிறகும் ஃபெரியை மக்கள் விட்டுவிடவில்லை. பழைய கப்பல்கள் ஓய்வுபெற்றபின் 2023இல் புதிய ஃபெரிகளை அரசாங்கம் இறக்கியிருக்கிறது. பங்கோருக்கும் பாலம் கட்ட வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுவதுண்டு. அந்த விவாதத்தில் நான் இறங்கவில்லை. பாலம் வருமோ வராதோ, இன்று தீவுக்குப் போகிறவர்களுக்கு ஃபெரிதான் வழி. பாலம் வந்தாலும் கார் இல்லாதவர் பேருந்தையும் படகையும் தேடித்தான் ஆக வேண்டும்.

செலவு என்ற கேள்வி எழும். சிரம்பான், ஈப்போ போன்ற நகரங்களில் மைபாஸ் என்ற பெயரில் ஓடும் பேருந்துகளுக்கு, பயணிகளின் எண்ணிக்கையைப் பாராமல் ஓடும் தூரத்தின் அடிப்படையில் அரசாங்கம் பணம் கொடுக்கும் முறை ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. டிக்கெட் வருமானத்தை மட்டும் நம்பி இத்தகைய பேருந்து ஓட முடியாது என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டதன் அடையாளம்தான் அந்த முறை. நகரத்துக்குள் ஓடும் பேருந்துக்குப் பொருந்துவது, ரயிலே இல்லாத ஒரு படகுத்துறைக்குப் போகும் சாலைக்குப் பொருந்தாது என்று யாரும் நியாயமாகச் சொல்ல முடியாது. தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனமும், மாநில அரசாங்கமும், மஞ்சோங் நகராண்மைக் கழகமும், ஃபெரி நடத்துவோரும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் இதைப் பேசி முடிக்கலாம். புதிய சாலையோ புதிய பாலமோ கேட்கவில்லை. தீவிலிருந்து வரும் கடைசி ஃபெரி கரை தொட்டுப் பயணிகள் இறங்கி நடந்து வரும்வரை, ஆயர் தாவார், போத்தா வழியாக ஈப்போ செல்லும் ஒரு பேருந்து லுமுட் நிலையத்தில் காத்திருக்க வேண்டும். கடல் கொந்தளிப்பால் ஃபெரி தாமதமானால், படகுத்துறையிலிருந்து ஓட்டுநருக்குத் தகவல் போக வேண்டும். காலையிலும் அவ்வாறே, தீவில் வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் முதல் ஃபெரியைப் பிடிக்கும்படி எங்கள் ஊரிலிருந்து ஒரு பேருந்து கிளம்ப வேண்டும்.

இரு நேரங்களையும் ஒரே பலகையில் எழுதி, தோட்டச் சந்தி நிறுத்தங்களில் மாட்டினால் பெரிய உதவியாக இருக்கும். பேருந்து நேரத்தை ஓரிடத்திலும் ஃபெரி நேரத்தை வேறிடத்திலும் தேடிக் கண்டுபிடிக்கும் வலிமை எண்பது வயதுக்காரர்களுக்கு இல்லை. அந்தப் பலகையில் மலாயோடு தமிழும் சீனமும் இருந்தால், இந்தச் சாலையோரத்தில் வாழ்கிறவர்கள் யார் என்பதை அறிந்து எழுதியதாக இருக்கும். 1903இல் சித்தியவானில் குடியேறிய ஃபூச்சோ சீனர்களின் வழித்தோன்றல்களும் இதே பேருந்தில்தான் போகிறார்கள். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு அவர்களுடைய பாட்டிமார்களும் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

மாசி மகத்துக்குத் தனி ஏற்பாடு வேண்டும். விழா நாளுக்கு முந்தின இரவிலிருந்து மறுநாள் இரவு வரை சிறப்புப் பேருந்துகள் விடுவதும், அவை ஈப்போவிலிருந்து லுமுட்டுக்கு நிற்காமல் பறந்துபோகாமல் தோட்டச் சந்திகளில் நின்று ஏற்றிக்கொள்வதும் அவசியம். சாலையோர ஆலய நிர்வாகங்கள் தங்கள் பகுதியில் எத்தனை பேர் போகிறார்கள் என்ற கணக்கை முன்கூட்டியே திரட்டிக் கொடுத்தால், பேருந்து நடத்துவோருக்கும் வசதியாக இருக்கும். ஆயர் தாவார் பகுதியில் அந்தக் கணக்கைத் திரட்டும் பொறுப்பை நானும் சில நண்பர்களும் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறோம். இந்த ஆண்டு மாசி மகத்துக்கு முன்பே பட்டியலை மஞ்சோங் நகராண்மைக் கழகத்தில் நேரில் கொடுக்க எண்ணியுள்ளோம். சித்தியவான், போத்தா, ஸ்ரீ இஸ்கந்தார் வட்டார வாசகர்களும் தங்கள் ஊர்க் கணக்கை அதே நேரத்தில் கொண்டுவந்து சேர்த்தால் நல்லது.

இப்படிக்கு,
சாலைத் தொழிலாளி ஒருவரின் மகன்,
ஆயர் தாவார், பேராக்.